நீக்கினாலும் நீங்காத மென்பொருள்: வேரோடு களைவது எப்படி?

ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா ஆகிய வட்டாரங்களில் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், வரவேற்பறையின் ஒரு மூலையில் பழைய கணினி ஒன்று இருக்கும். அந்த ஒரே கணினியில்தான் தம்பி தங்கையின் பள்ளிப் பாடமும், அண்ணன் அக்காளின் பல்கலைக்கழக இடுபணியும், அப்பாவின் மின் கட்டணமும், அம்மாவின் பழைய பாடல்களும் நடைபெறுகின்றன. ஆளுக்கொரு மென்பொருளை நிறுவுகிறோம். யாரும் எதையும் நீக்குவதில்லை. ஒரு நாள் கணினி ஆமை வேகத்தில் இயங்கத் தொடங்கும்போதுதான், நாம் அழைக்காமலே ஒருவர் உள்ளே குடியிருப்பது தெரிகிறது. வெளியே போகச் சொன்னாலும் அவர் போவதில்லை!

இவ்வாறு நீங்க மறுக்கும் மென்பொருளை, பணம் செலவழிக்காமலும் கோப்புகளை இழக்காமலும் எவ்வாறு களையலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டில் நடந்தது

கடந்த தவணை விடுமுறையில், என் இடுபணியைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றுவதற்காக இலவச மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கம் செய்தேன். நிறுவும்போது வந்த அறிவிப்புகளைப் படிக்காமல் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனேன். தவறு என்னுடையதுதான். அந்த மென்பொருள் தன்னோடு இன்னொன்றையும் அழைத்து வந்துவிட்டது. அது தன்னைக் 'கணினியைத் துப்புரவு செய்யும்' மென்பொருள் என்று கூறிக்கொண்டது. கணினியைத் திறக்கும்போதெல்லாம், நூற்றுக்கணக்கான கோளாறுகள் இருப்பதாகவும் அவற்றைச் சரிசெய்யப் பணம் செலுத்த வேண்டும் என்றும் சிவப்பு எழுத்துகளில் எச்சரித்தது.

நான் அதை நீக்கினேன். 'நீக்கப்பட்டது' என்றது. மறுநாள் காலையில் மீண்டும் அதே சிவப்பு எழுத்துகள். கோபத்தில் அதன் கோப்புறையையே தேடிப் பிடித்து அழித்தேன். பாதிக் கோப்புகள் அழிந்தன. மீதி, 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்துவிட்டன. அதன் பின்னர் நிலைமை இன்னும் மோசமானது. பட்டியலில் பெயர் இருந்தது. ஆனால், நீக்குவதற்கான வழியே இல்லாமல் போனது.

ஒரு மாலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அம்மா கணினியின் முன் வங்கி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாவம், ஏதோ கோளாறாம். கட்டிட்டா சரியாயிடும்னு போட்டிருக்கு," என்றார். அட்டை எண்ணில் நான்கு இலக்கங்களை ஏற்கெனவே தட்டியிருந்தார். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மறுநாள் அப்பா கணினியைப் பட்டணத்துக் கடைக்குத் தூக்கிச் சென்றார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும். எண்பது ரிங்கிட். உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் பொறுப்பில்லை," என்றாராம். அப்பா எதுவும் பேசாமல் கணினியை வீட்டிற்கே திரும்பக் கொண்டு வந்துவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் வாழ்ந்த தோட்டத்து லயன் வீடுகள் இன்று இல்லை. கோயில் திருவிழா, பாட்டி வேலைக்காட்டில் நிற்கும் படம், அப்பா பள்ளிச் சீருடையில் நிற்கும் படம் ஆகியவற்றை ஒரு முறை ஒளிவருடிக் கணினியில் சேர்த்து வைத்திருந்தார். அசல் படங்கள் இருந்த தொகுப்பைப் பின்னர் கரையான் அரித்துவிட்டது. எண்பது ரிங்கிட் பெரிதன்று. அந்தப் படங்கள்தாம் பெரிது.

லாலாங் புல் சொல்லும் பாடம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்குக் கணினிச் சொற்கள் மலாயிலும் ஆங்கிலத்திலுமே அறிமுகமாயின. ஆகவே, என்ன நடக்கிறது என்று பாட்டிக்கு விளக்க முயன்றபோது தடுமாறினேன். இறுதியில், "பாட்டி, இது லாலாங் மாதிரி," என்றேன். பாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. "மேலால வெட்டினா போவாதே, ஐயா," என்றார்.

தோட்டத்தில் களையெடுத்தவர்களுக்கு லாலாங்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாசின் வட்டாரத்தில் 'ஜாசின் லாலாங்' என்று ஒரு தோட்டமே உண்டு. லாலாங்கின் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்கடியில் படர்ந்திருக்கும் தண்டில் இருக்கிறது. மேலே வெட்டினால் மீண்டும் முளைக்கும். கீழே ஒரு துண்டு மிஞ்சினாலும் முளைக்கும். நீங்க மறுக்கும் மென்பொருளும் இவ்வாறே. நாம் திரையில் காணும் சின்னம் வெறும் இலைதான்.

மென்பொருளின் வேர்கள்

விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் பொதுவாக ஐந்து இடங்களில் வேரூன்றுகிறது.

முதலாவது, கோப்புகள். இவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற கோப்புறைகளில் இருக்கும்.

இரண்டாவது, அப்போது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயக்கம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. 'பயன்பாட்டில் உள்ளது' என்னும் மறுப்பு இதனால்தான் வருகிறது.

மூன்றாவது, தானாகத் தொடங்கும் ஏற்பாடு. தொடக்கப் பட்டியல், பின்னணிச் சேவைகள், டாஸ்க் ஸ்கெடியூலர் எனப்படும் பணி அட்டவணை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் அது ஒளிந்திருக்கும்.

நான்காவது, ரிஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகம். இது விண்டோஸின் கணக்குப் புத்தகம் போன்றது. நீக்கும் பட்டியலில் நாம் காணும் பெயர்கள் பெரும்பாலும் பதிவகத்தில் 'அன்இன்ஸ்டால்' என்னும் கிளையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அதை நீக்கும் நிரல் எங்கே உள்ளது என்னும் குறிப்பு இருக்கும். நான் கோப்புறையை அழித்தபோது அந்த நீக்கும் நிரலையும் சேர்த்தே அழித்துவிட்டேன். குறிப்பு இருந்தது; அது காட்டிய பொருள் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியதற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, உலாவி. முகப்புப் பக்கம், தேடுபொறி, விரிவாக்கங்கள், அறிவிப்பு அனுமதிகள் ஆகியவை இதில் அடங்கும்.

நீக்கும் நிரல் ஒழுங்காக இருந்தால் இவற்றில் பெரும்பகுதியை அதுவே அகற்றிவிடும். அது பழுதானாலோ, வேண்டுமென்றே அரைகுறையாக எழுதப்பட்டிருந்தாலோ, ஏதாவது ஒரு வேர் மிஞ்சிவிடுகிறது.

நீங்க மறுப்பவை எல்லாம் தீயவையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் எளிதில் நீங்காதபடியே வடிவமைக்கப்படுகின்றன. நச்சுநிரல் உள்ளே நுழைந்ததும் முதலில் காவல்காரனைத்தான் வெளியேற்றப் பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. நோர்ட்டன், மெக்காஃபி, அவாஸ்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை முழுமையாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவிகளை இலவசமாக வழங்குகின்றன. புதிய மடிக்கணினியோடு வந்த சோதனைப் பதிப்பை நீக்க முடியாமல் திண்டாடுபவர்கள், அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து அக்கருவியைப் பெறுவதே சரியான வழி.

ஆனால், பயனரை ஏமாற்றியவர்களும் உண்டு. 2005-ஆம் ஆண்டு சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட சில இசைவட்டுகள், கணினியில் போட்டதும் நகலெடுப்பைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவின. அது தன் கோப்புகளையே விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் மார்க் ருசினோவிச் என்னும் நிரலாளர் அதை வெளிப்படுத்தினார். அதைக் கையால் அகற்றியபோது அவருடைய இசைவட்டு இயக்கியே செயலிழந்தது. பின்னர், அதை நீக்குவதற்கென நிறுவனம் வழங்கிய இணையவழிக் கருவியோ கணினியில் புதியதொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது. இறுதியில் நிறுவனம் அவ்வட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

2006-ஆம் ஆண்டு ஸாங்கோ என்னும் விளம்பர மென்பொருள் நிறுவனம், அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையத்துடனான உடன்பாட்டின்படி 30 லட்சம் டாலரைக் கைவிட ஒப்புக்கொண்டது. பயனர்கள் அதைக் கண்டுபிடிக்கவும் நீக்கவும் முடியாதபடி வேண்டுமென்றே கடினமாக்கியது என்பது அதன்மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் முன்னரே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் சர்ச்சைக்குள்ளானது. அதை நீக்கிய பின்னரும், அது பதித்த பாதுகாப்புச் சான்றிதழ் கணினியிலேயே தங்கிவிட்டது. சான்றிதழைத் தனியே அகற்ற வேண்டியிருந்தது. இலை போனது, வேர் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

களையும் முறை

கீழ்க்காணும் படிகளை விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் பின்பற்றலாம். வரிசையை மாற்றாமல் செய்வது மிக முக்கியம்.

1. முதலில் உங்கள் பொருளைக் காப்பாற்றுங்கள். படங்கள், இடுபணிகள், ஆவணங்கள் அனைத்தையும் பென்டிரைவிலோ வெளிவட்டிலோ நகலெடுங்கள். நிரல்களை நகலெடுக்க வேண்டாம். பின்னர், விண்டோஸில் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். ஏதேனும் தவறினால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும்.

2. இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். சில மென்பொருள்கள் நீக்கப்பட்ட கையோடு தம்மைத் தாமே மீண்டும் பதிவிறக்கம் செய்துகொள்கின்றன.

3. முறையான வழியை முதலில் முயலுங்கள். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று நீக்குங்கள். பட்டியலை நிறுவிய நாள் வாரியாக வரிசைப்படுத்தினால், அதே நாளில் உடன் வந்த மற்றவையும் கண்ணில் படும். அவற்றையும் நீக்குங்கள்.

4. நீக்கும் நிரல் பழுதாகியிருந்தால், அதே மென்பொருளின் அதே பதிப்பை மீண்டும் நிறுவிவிட்டு நீக்குங்கள். காணாமல் போன நீக்கும் நிரல் திரும்ப வந்துவிடும். இது நம்பகமான நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டுமே பொருந்தும். ஐயத்துக்குரியதை மீண்டும் வீட்டுக்குள் அழைக்காதீர்கள்.

5. ஓட்டத்தை நிறுத்துங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் எனப்படும் பணி மேலாளர் திறக்கும். ஐயத்துக்குரிய பெயரின்மீது வலச்சொடுக்கி, முதலில் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பணியை முடித்துவையுங்கள். இடத்தைக் குறிக்காமல் முடித்தால், பின்னர் தேடி அலைய நேரிடும்.

6. நிறுத்தியும் மீண்டும் எழுந்தால், சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்குங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் செய்யுங்கள். 'டிரபிள்ஷூட்', அதிலிருந்து 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', பின்னர் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று சென்று, மறுதொடக்கத்துக்குப் பின் எண் 4-ஐ அழுத்துங்கள். இம்முறையில் விண்டோஸுக்கு இன்றியமையாதவை மட்டுமே இயங்கும். இரண்டு எச்சரிக்கைகள்: வட்டு பூட்டப்பட்டுள்ள மடிக்கணினிகள் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம், அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மேலும், விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் சேவை இம்முறையில் வழக்கமாக இயங்காது. அதைச் சார்ந்த மென்பொருள்களை வழக்கமான முறையில்தான் நீக்க முடியும்.

7. தானாகத் தொடங்கும் வேரை வெட்டுங்கள். பணி மேலாளரின் தொடக்கப் பட்டியல், சேவைகள், பணி அட்டவணை ஆகிய மூன்றையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கும் 'ஆட்டோரன்ஸ்' என்னும் கருவி இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் பட்டியல் சுருங்கிவிடும். உடனே அழிக்காமல் முதலில் குறியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தவறென்றால் மீண்டும் குறியிடலாம்.

8. இப்போதுதான் கோப்புறையை அழிக்க வேண்டும். நான் முதலில் செய்ததை ஏழு படிகளுக்குப் பிறகே செய்திருக்க வேண்டும்.

9. பதிவகத்தில் எஞ்சிய பெயரை நீக்குங்கள். தொடுமுன் அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 'அன்இன்ஸ்டால்' கிளையில், அந்த மென்பொருளின் பெயரைத் தாங்கிய பதிவை மட்டும் அழியுங்கள். ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சிய ஒரு பெயர் கணினிக்குத் தீங்கு செய்யாது. தவறாக அழித்த ஒரு பதிவு தீங்கு செய்யும்.

10. உலாவியைத் துப்புரவு செய்யுங்கள். தெரியாத விரிவாக்கங்கள், மாறிய தேடுபொறி, அறிவிப்பு அனுமதிகள் ஆகியவற்றை நீக்குங்கள். வீட்டுக் கணினியில் குரோம் உலாவி 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று காட்டினால், ஏதோ ஒரு மென்பொருள் கட்டுப்பாட்டு விதியை விட்டுச் சென்றிருக்கலாம் என்று பொருள்.

11. இறுதியாகச் சோதியுங்கள். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்னும் வசதி உள்ளது. அது விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்னரே சோதிப்பதால், ஒளிந்திருப்பவை ஓட வழியில்லை. அதன்பின் இணையத்தை இணைத்து, இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். மீண்டும் முளைக்கவில்லை என்றால் வேர் போய்விட்டது.

இவை அனைத்தும் பயனளிக்காவிட்டால், 'ரீசெட் திஸ் பிசி' என்னும் வசதியில் 'கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மென்பொருள்கள் போய்விடும், சொந்தக் கோப்புகள் இருக்கும். முழுமையாக அழித்துப் புதிதாகப் போடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை

பதிவகத்தைத் துப்புரவு செய்வதாகக் கூறும் மென்பொருள்களை நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்டே ஒரு காலத்தில் வழங்கிய 'விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன்அப்' என்னும் கருவி, கணினியின் பிற பகுதிகளைச் சில வேளைகளில் பாதித்ததால் 2010-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. ஒரே கணினியில் இரண்டு நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். திரையில் தோன்றும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். பணம் கேட்கும் பெட்டியில் அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்.

யாரேனும் ஏமாந்து பணம் செலுத்திவிட்டால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கியையும், 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்னும் எண்ணையும் அழைக்க வேண்டும். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைச் சைபர் செக்கியூரிட்டி மலேசியா அமைப்பின் 'சைபர்999' சேவையிடம் தெரிவிக்கலாம். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியின் உள்ளடக்கத்தை மாற்றுவது, 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி குற்றமாகும். உங்கள் வீட்டுக் கணினியில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெறாத பழைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதைத் தவிர்ப்பது நலம்.

முடிவாக

எங்கள் வீட்டுக் கணினியில் வேர் எங்கே இருந்தது தெரியுமா? பணி அட்டவணையில். ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் அந்த மென்பொருளை மீண்டும் எழுப்பும்படி ஒரு கட்டளை அங்கே பதிந்திருந்தது. அந்த ஒரு வரியை நீக்கிய பிறகு மற்றவையெல்லாம் எளிதாகப் போய்விட்டன. முழு வேலைக்கும் ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படங்களை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து முடித்த பிறகுதான் தேநீர் குடிக்க எழுந்தார்.

நண்பர்களே, கணினி அறிவு பெற்ற நாம் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, நம் வீட்டுக் கணினியை ஒரு முறை திறந்து பார்ப்போம். அம்மா அப்பாவுக்குத் தாய்மொழியிலேயே விளக்கிச் சொல்வோம். "கண்டதை அழுத்தாதீங்க" என்று அதட்டுவதைவிட, அது ஏன் மீண்டும் மீண்டும் முளைக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதே பயன் தரும். இப்போது எங்கள் வீட்டில் ஏதேனும் அறிவிப்பு திரையில் வந்தால், அம்மா எதையும் அழுத்துவதற்கு முன் எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது லாலாங்கா, இல்ல நல்ல புல்லா?" என்பதுதான்.